நெய்யில்லாத தாளிதம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பால்பொருட்களை முற்றாக விட்டுவிட்டோம். நெய்யில் தாளிக்காத பருப்புக்கறி சப்பென்று இருக்கிறது. என்ன செய்யலாம்? (கிளிநொச்சி)

கடுகு, சின்னச்சீரகம், கறிவேப்பிலை ஆகியவற்றின் வாசனை பெரும்பாலும் கொழுப்பில் கரைவதால், எந்த நல்ல எண்ணெயும் அதைக் கறிக்குள் கொண்டுசேர்க்கும். நெய்யில் கூடுதலாக இருப்பது, வெண்ணெயை உருக்கும்போது பாலின் திடப்பகுதி சிவந்து தரும் மணமாகும். அதற்கு ஈடாக, நல்லெண்ணெயில் மெல்லிய தேங்காய்ச் சொட்டுகளைப் பொன்னிறமாகப் பொரித்தெடுத்து, அந்த எண்ணெயிலேயே தாளியுங்கள். எள்ளு விளையும் வன்னியில் எனது முதல் தெரிவு இதுதான். ஆயினும் நெய் ஏறத்தாழ 250 பாகை செல்சியசில் புகைய, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் 175 பாகையளவிலேயே புகையத் தொடங்கிவிடும். ஆகவே முதலில் ஒரேயொரு கடுகைப் போட்டுப் பாருங்கள். சிறு குமிழிகள் சூழ்ந்து அது வெடித்தால் சூடு போதும். மீதிக் கடுகு வெடித்தடங்கியபின் செத்தல் மிளகாய், அடுத்துச் சீரகம், இறுதியாகக் கறிவேப்பிலை என்பதே முறை. வெந்தயம் சேர்ப்பவர்கள் அது கருகாமல் பார்க்க வேண்டும். அதன் கசப்பு சட்டி முழுவதும் இறங்கிவிடும்.

நெய்க்குப் பதிலாக மாஜரீன் சேர்க்கலாமா? (விசுவமடு)

சிலவற்றில் பால்மா கலந்திருப்பதால் உறையை வாசிக்காமல் வாங்க வேண்டாம். தாளிப்பதற்கு எண்ணெயே மேல்.

எருமைத் தயிர் இல்லாமல் மோர்க்குழம்பு வைக்க முடியுமா? (செட்டிகுளம்)

எருமைத் தயிரின் கொழுமையும் புளிப்பும் அப்படியே கிடைக்குமென்று நான் சொல்லமாட்டேன். தேங்காயின் முதற்பாலை ஒரு கொதி வருமுன் இறக்கி, ஆவி தணிந்தபின் தேசிப்புளி விட்டால் அதற்கு நெருங்கிய சுவை வரும். அடுப்பில் இருக்கும்போதே புளி விட்டால் பால் திரைந்துவிடும். பாலிலேயே கொழுப்பு இருப்பதால் தாளிதத்துக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் போதுமானது.

வெண்காயம் வதக்கியபின் போட்ட கடுகு வெடிக்கவில்லையே? (புதுக்குடியிருப்பு)

வெண்காயத்தின் நீர் எண்ணெயின் சூட்டைத் தாழ்த்திவிடுகிறது. கடுகே முந்த வேண்டும்.

விறகடுப்பில் தாளிதம் எப்போதும் கருகிப்போகிறது. (மாங்குளம்)

கொள்ளிகளை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் மட்டும் தாளியுங்கள். கனத்த இரும்புத் தாச்சி இறக்கிய பின்னரும் சூட்டை விடாது வைத்திருக்கும். ஆதலால் கறிவேப்பிலையின் சடசடப்பு அடங்கத் தொடங்கும்போதே தாளிதத்தைக் கறியில் கொட்டி, உடனே மூடிவிடுங்கள்.