வார்டு டூட்டியிலிருந்து மாற நினைக்கும் செவிலியர்களுக்கு: கேள்வி பதில்

ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக இருக்கிறேன். அதற்கு முன் ஐசியு. கேளுங்கள்.

பாலக்கோடு: அக்கா, ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) முடித்து ஆறு வருடமாக வார்டு. டிஸ்க் விலகியிருக்கிறது, கனம் தூக்கக் கூடாது என்கிறார் டாக்டர். உங்கள் வேலைக்கு வர முடியுமா?

தாராளமாக வரலாம்மா. இதில் ஆளைத் தூக்குவது இல்லை, நடைதான் அதிகம். காலையில் ஐசியு ரவுண்ட்ஸ் போவேன். கேனுலா (கையில் மருந்து ஏற்றப் போடும் சிறு குழாய்) போட்ட தேதி பிளாஸ்டரில் எழுதியிருக்கிறதா, அந்த இடம் சிவந்திருக்கிறதா, யூரின் பை தரையில் படுகிறதா, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) இன்னும் தேவைதானா என்று பார்ப்பேன். சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் போடும் குழாய்) எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தினமும் ஒரே நேரத்தில் எண்ணி எழுதுவேன். 1000 லைன் நாளுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் லைன் இருந்தால் ஒரு லைன் நாள்) எத்தனை தொற்று என்பதை அதை வைத்துத்தான் கணக்கிடுவோம். குப்பையையும் பார்ப்பேன்: போட்டு முடித்த ஊசி அதற்கான வெள்ளை டப்பாவுக்குப் போகாமல் மஞ்சள் கழிவுப் பையில் விழுந்தால், பையைக் கட்டும் அக்கா கையில்தான் குத்தும். வார்டில் நின்றவர் கண்ணுக்கு இதெல்லாம் சட்டென்று படும். என்ஏபிஹெச் (மருத்துவமனைகளின் தரத்தைச் சோதிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் வாங்க நினைக்கும் மருத்துவமனைக்குத் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் இல்லாமல் முடியாது. இப்போது இருக்கும் இடத்திலேயே நர்சிங் சூப்பரின்டென்டிடம் கேட்டு, தொற்றுக் கமிட்டி வேலையில் ஒட்டிக்கொள்ளுங்கள். எங்கே சேர்ந்தாலும் அசல் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள்.

தர்மபுரி: மெடிக்கல் கோடிங் படித்தால் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாமா?

கேஸ் ஷீட்டைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் வேலை. பெரும்பாலும் அமெரிக்க இன்சூரன்ஸ் பில்லுக்காக. நர்ஸுக்குச் சீக்கிரம் பிடிபடும். ஆனால் புதியவர்களைப் பெரும்பாலும் ஆபீசுக்குத்தான் வரச் சொல்வார்கள். 'வேலை உறுதி' என்று முன்பணமும் அசல் சான்றிதழும் கேட்கும் சென்டர் பக்கமே போகாதீர்கள்.

காவேரிப்பட்டணம்: கோடிங் நல்லதா மேடம்?

மேலே இருக்கிறது.

அரூர்: கோடிங்குக்கு எந்த சென்டர்?

பெயர் சொல்ல மாட்டேன். முன்பணம் பற்றிச் சொன்னதைப் படியுங்கள்.

பென்னாகரம்: பேஷன்டைத் தொடாதவர் என்ன நர்ஸ்?

இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு வீடாகப் போகும் அந்த நர்ஸ் எந்த வார்டில் நிற்கிறார்? நான் எண்ணி எழுதும் ஒவ்வொரு லைனும் ஒரு நோயாளியின் உடலில் இருக்கிறது.

பென்னாகரம் (மறுபடி): எல்லோரும் மாறிவிட்டால் வார்டில் யார் நிற்பது?

நியாயமான கேள்வி. நைட்டில் ஒரே நர்ஸிடம் வார்டு முழுவதையும் விட்டால் முதுகு போகத்தான் செய்யும். அப்படிப் போனவரைப் பிடித்து வைத்து மறுபடி தூக்கச் சொன்னால், கீழே விழுவது நோயாளி. கூடுதல் ஆள் போடச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள், சேர்ந்து நானும் கேட்கிறேன். மாறுகிறவரைத் திட்டாதீர்கள்.

சூளகிரி: கம்பெனி நர்ஸ் வேலை எப்படி?

500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் ரூம் (அடிபட்டவருக்கு உடனே சிகிச்சை தரும் அறை) வைக்க வேண்டும் என்பது சட்டம். ஓசூர் சிப்காட்டில் விசாரியுங்கள். முதலுதவி, ரெஜிஸ்டர், வருடாந்திர பரிசோதனைதான் வேலை. ஷிப்ட் உண்டா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

ஊத்தங்கரை: எம்ஆர்பி தேர்வு எப்போது?

எம்ஆர்பி (அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) இணையதளத்தைப் பாருங்கள். நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பித்து வைத்திருக்கிறீர்களா?