வழக்கு முடிந்தது, கதை முடிந்ததா? க்ரைம் தொடர்கள் பற்றிக் கேள்வி பதில்

வடபழனி, சாலிகிராமம் பக்கத்து எடிட்டிங் அறைகளில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் மெகா சீரியல்கள், இப்போது வெப் சீரிஸ். திரைக்கதை, எடிட்டிங் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். நடிகர்களின் சொந்த வாழ்க்கை வேண்டாம். பேச்சு முழுக்க முடிவுகளைப் பற்றித்தான் என்பதால் பல தொடர்களின் கடைசிக் காட்சிகள் இங்கே வெளியே வந்துவிடும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கடைசி எபிசோடைப் போடும் முன் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள்.

ஆதம்பாக்கம் வாசகி: சார், இருட்டான க்ரைம் தொடர்கள் எல்லாமே ஆரம்பத்தில் ஆளை அசத்துகின்றன. கடைசியில் சப்பென்று முடிகின்றன. இந்த வகைக் கதைக்குத் திருப்தியான முடிவு சாத்தியமே இல்லையா?

சாத்தியம்தான் அம்மா. ஆனால் எந்த முடிவைக் கேட்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். வழக்கு ஒன்று, கதை ஒன்று. "கொன்றது யார்?" என்பது வழக்கின் கேள்வி. கதையின் கேள்வி பெரும்பாலும் வேறாக இருக்கும். முதல் எபிசோடில் யாரோ ஒருவருடைய மனதில் அது முள்ளாகத் தைத்திருக்கும். சப்பென்று முடிகிற தொடர்கள் வழக்குக்குப் பதில் சொல்லிவிட்டு, முள்ளை அப்படியே விட்டுவிடுகின்றன.

பிரிட்டனின் 'ஹேப்பி வேலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 2014, 2016, 2023 என்று மூன்று சீசன், சீசனுக்கு ஆறு எபிசோட். கேத்தரின் என்ற போலீஸ் சார்ஜென்ட்டின் மகள் தற்கொலை செய்துகொண்டவள். அதற்குக் காரணமானவன் டாமி. அவனுக்குப் பிறந்த பேரனை கேத்தரின்தான் வளர்க்கிறாள். அந்தப் பையன் அப்பனைப் போல ஆகிவிடுவானோ என்பதுதான் முள். அதற்குப் பதில் சொல்லப் பையன் வளர வேண்டும். எழுதிய சாலி வெயின்ரைட் ஏழு வருடம் காத்திருந்தார். சின்ன வயதில் நடித்த அதே பையன்தான் மூன்றாவது சீசனிலும் வருகிறான். கடைசி மோதல் துரத்தலும் இல்லை, துப்பாக்கிச் சண்டையும் இல்லை. கேத்தரின் வீட்டுச் சமையலறை மேஜையில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவள் வருவதற்குள் டாமி அந்த வீட்டு போட்டோ ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறான். தன் மகன் இங்கே சந்தோஷமாக வளர்ந்திருக்கிறான் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிகிறது. அந்த சீசனின் கொலை வழக்கைச் சில வாக்கியங்களிலேயே முடித்துவிட்டார்கள். எனக்கு அது குறையாகவே படவில்லை. ஆல்பம் போதும்.

பெரம்பூர் நண்பர்: அடுத்த சீசனுக்குக் கொக்கி போட்டே ஆக வேண்டும் என்ற வியாபாரம்தானே எல்லா முடிவையும் கெடுக்கிறது?

பாதி உண்மை. அமெரிக்காவின் 'தி கில்லிங்' 2011இல் வந்தது. ரோஸி லார்சனைக் கொன்றது யார் என்ற ஒரே கேள்வியைச் சொல்லித்தான் விளம்பரமே செய்தார்கள். 13 எபிசோட் முடிந்தும் பதில் வரவில்லை. மக்கள் கொதித்துப்போனார்கள். பதில் வந்தது அடுத்த சீசனின் கடைசியில், 26ஆவது எபிசோடில். அதற்குள் பலர் எழுந்து போய்விட்டார்கள். ஒன்றைக் காட்டி உட்கார வைத்தால் அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

'மைண்ட்ஹன்டர்' கதை வேறு. 2017, 2019 என்று இரண்டு சீசன், மொத்தம் 19 எபிசோட், அதோடு நின்றுபோனது. அங்கே எழுத்தில் குறை சொல்ல முடியாது. பாதி வீடு கட்டியபோது பணம் நின்றால் கொத்தனார் என்ன செய்வார்?

வேளச்சேரி: அமெரிக்க 'சோப்ரானோஸ்' தொடரின் கடைசியில் திரை கறுப்பாகிறதே, மாஃபியா தலைவன் டோனி செத்தானா இல்லையா?

2007 ஜூனில் அது ஒளிபரப்பானபோது கேபிள் போய்விட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. என் பதில் இது: அந்த ஹோட்டலில் கதவு திறந்து மணி அடிக்கும்போதெல்லாம் டோனி நிமிர்ந்து பார்க்கிறான். கடைசியில் நாமும் அவனோடு சேர்ந்து நிமிர்கிறோம், படம் அறுகிறது. இனி அவன் வாழ்கிற ஒவ்வொரு நாளும் இப்படித்தான் இருக்கும். செத்தானா என்பதைவிட எனக்கு அதுதான் பெரியது. அந்தக் கறுப்பு சுமார் பத்து விநாடி, சத்தமே இல்லாமல் நிற்கும். இன்றைய ஆப்களில் அந்த நேரத்துக்குள் மூலையில் வேறு எதற்கோ விளம்பரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. ஆட்டோபிளே பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று இப்போது தெரிகிறதா?

தாம்பரம்: இதெல்லாம் எந்த ஆப்பில் கிடைக்கும்?

உரிமம் அடிக்கடி கை மாறும். டிவியின் தேடலில் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

மயிலாப்பூர் பெரியவர்: தம்பி, நம் மரபு சுபம் போட்டு முடிக்கிற மரபு. இந்த இருட்டு முடிவெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம். நமக்கு ஒட்டாது.

ஐயா, மன்னிக்கணும், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. நம் பெரிய க்ரைம் கதையே சிலப்பதிகாரம்தானே? திருடியவன் பொற்கொல்லன், மாட்டிக்கொண்டவன் கோவலன், விசாரிக்காமல் தண்டனை. அப்புறம் ஒரு பெண் தடயத்தோடு அரசவைக்கு வருகிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்தவுடன் வழக்கு முடிந்தது. காதைக்குப் பெயரே வழக்குரை காதை. ஆனால் அது 30 காதைகளில் 20ஆவது. கொலையாளி யார், தவறு யாருடையது என்று எல்லாம் தெரிந்த பிறகும் பத்து காதைகள் எழுதியிருக்கிறார் இளங்கோ. வழக்கின் முடிவும் கதையின் முடிவும் வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வில்லிவாக்கம்: அண்ணே, அந்தப் பத்தில் பாதி இழுவை! மதுரை எரிந்ததோடு நிறுத்தியிருக்க வேண்டும். வஞ்சிக் காண்டம் சேரனுக்காக ஒட்டவைத்த இரண்டாவது சீசன்.

தம்பி, நானும் கல்லூரியில் அப்படித்தான் நினைத்தேன். வேலைக்கு வந்த பிறகு நீர்ப்படைக் காதையைத் திரும்பப் படித்தேன். மாடலன் என்ற மறையவன் சேரன் செங்குட்டுவனிடம் ஒவ்வொரு செய்தியாகச் சொல்கிறான். கோவலனின் அப்பா எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டுத் துறவியானார், அம்மா இறந்தாள். கண்ணகியின் அப்பா ஆசீவகத் துறவிகளோடு சேர்ந்தார், அவள் அம்மாவும் இறந்தாள். மாதவி துறவு பூண்டாள். ஒரு தவறான தீர்ப்பு புகாரில் எத்தனை வீட்டை மூடியது என்று அங்கேதான் தெரிகிறது. மதுரையோடு நிறுத்தியிருந்தால் நமக்கு நெருப்பு மட்டும்தான் கிடைத்திருக்கும்.

வில்லிவாக்கம்: அது ஒரு காதை. மீதிப் படையெடுப்பு எதற்கு?

படையெடுப்பை வெட்டச் சொன்னால் நானும் கொஞ்சம் வெட்டுவேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணகி சிலைக்குக் கல் எடுத்து வருவதை வெட்ட மாட்டேன்.

கோடம்பாக்கம்: நடுவில் வருகிறேன். அப்படியானால் அது சுபம்தானே? கோயில் கட்டினார்கள், வரம் கிடைத்தது. மயிலாப்பூர் ஐயா சொன்னது சரியாகிவிட்டது.

சுபமா? கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகியைச் சாந்தப்படுத்த ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்று பலி கொடுத்தான் என்று அதே காப்பியம் சொல்கிறது. திருடியவன் ஒருவன். செத்தது ஆயிரம் பேர். விசாரிக்காமல் கொன்ற பாவத்துக்குப் பரிகாரமாக, விசாரிக்காமல் இன்னும் ஆயிரம் கொலை. இதைவிட இருட்டான வரியை எந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை.

மயிலாப்பூர் பெரியவர்: அந்த ஆயிரவரை நான் மறந்தே போயிருந்தேன் தம்பி. ஆனாலும் கடைசியில் கோயில்தான் மனதில் நிற்கிறது.

நிற்கட்டும் ஐயா. இரண்டும் சேர்ந்து நிற்பதால்தான் அது வலிக்கிறது.

நங்கநல்லூர்: தமிழ்த் தொடர்களைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே. 'சுழல்', 'விலங்கு', 'வதந்தி'?

மூன்றும் 2022இல் வந்தவை. 'விலங்கு' அளவாக எழுதப்பட்டது, ஸ்டேஷன் வாழ்க்கை அதில் நன்றாக இருக்கும். 'சுழல்' முதல் சீசன் மயானக் கொள்ளைத் திருவிழாவை வழக்கோடு சேர்த்தே நகர்த்தியது எனக்குப் பிடித்தது. என் தலைப்புக்கு நெருக்கமானது 'வதந்தி'. எட்டு எபிசோடிலும் இறந்துபோன வெலோனியைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அதனால் கொன்றவன் யார் என்பதைவிட, அந்தப் பெண் உண்மையில் யார் என்பதுதான் கேள்வி. எழுதியவர்கள் சரியான முள்ளைப் பிடித்திருக்கிறார்கள்.

கொளத்தூர்: டோனி செத்தானா?

மேலே வேளச்சேரிக்குச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா நகர்: 'டெக்ஸ்டர்' முடிவு?

2013இல் அந்தத் தொடர் கொலைகார நாயகனை மரம் வெட்டுபவனாக விட்டார்கள், யாருக்கும் பிடிக்கவில்லை. 2021இல் திரும்ப வந்து அவனைச் சுட்டு முடித்தார்கள். 2025இல் அவன் பிழைத்துவிட்டான் என்று இன்னொரு தொடர். முற்றுப்புள்ளியை இத்தனை தடவை அழித்தால் அடுத்து வைக்கும் புள்ளியை யார் நம்புவார்கள்?

கே.கே. நகர்: உண்மைச் சம்பவத் தொடர்களுக்கு முடிவு எப்படி வைப்பது? முடிவு எல்லோருக்கும் தெரியுமே.

எங்கே நிறுத்துவது என்பதுதான் அங்கே வேலை. 2012 நிர்பயா வழக்கைச் சொல்லும் 'டெல்லி க்ரைம்' முதல் சீசன் 2019 மார்ச்சில் வந்தது. குற்றவாளிகள் தூக்கிலிடப்பட்டது அடுத்த வருடம், 2020 மார்ச் 20. தூக்குக்காகக் காத்திருக்காமல், ஆட்களைப் பிடித்த இடத்தில் கதையை நிறுத்தினார்கள். அந்தச் சில நாள் ஓட்டம்தான் கதை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டதால் குறையாகத் தெரியவில்லை.

போரூர்: அண்ணா, நான் ஒரு க்ரைம் தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன். ட்விஸ்ட் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் படித்தவர்கள் முடிவில் ஏதோ குறைகிறது என்கிறார்கள்.

ட்விஸ்டுக்குப் பிறகு எத்தனை பக்கம் வைத்திருக்கிறீர்கள் தம்பி? இரண்டு பக்கம் என்றால் அதுதான் குறை.

ஒரு அனுபவம் சொல்கிறேன். நான் வெட்டிய ஒரு தொடரில் கடைசி ஷாட், இறந்த பெண்ணின் அம்மா மொட்டை மாடிக் கொடியிலிருந்து ஸ்கூல் யூனிஃபார்மை எடுப்பது. துணி காய்ந்து பல நாள் ஆகியிருக்கும், மடிப்பு விழுந்த இடத்தில் நீலம் வெளுத்திருக்கும். அவள் அதை மடிப்பாள். க்ளிப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அதை எங்கே போடுவது என்று தெரியாமல் நிற்பாள். நாற்பது விநாடி. மேலிடத்திலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, "கொலைகாரன்தான் மாட்டிட்டானே, இது எதுக்கு?" என்றார். பன்னிரண்டு விநாடிக்கு வெட்டச் சொன்னார்கள், வெட்டினேன். க்ளிப் போய்விட்டது. பார்த்தவர்கள் அத்தனை பேரும் முடிவு அவசரமாக இருக்கிறது என்றார்கள். அந்த நாற்பது விநாடி ஹார்ட் டிஸ்க்கில் இன்னும் இருக்கிறது. உங்கள் கதையில் அந்த க்ளிப் யார் கையில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

ராயபுரம்: சார், டோனி விஷயம்...

வேண்டாம் தம்பி. வேளச்சேரி, கொளத்தூர் இரண்டையும் படியுங்கள்.

திருவொற்றியூர்: கடைசியாக ஒன்று. எதுவும் மாறாது என்று சொல்கிற தொடர்கூடத் திருப்தி தருமா? பார்த்துவிட்டு மனசு கனத்துப்போகிறதே.

தரும். 'தி வயர்' பாருங்கள், 2002 முதல் 2008 வரை 60 எபிசோட், பால்டிமோர் நகரம். முடிவில் நகரம் மாறவில்லை. பழைய ஆட்களின் இடத்தில் புதிய பையன்கள் வந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் பபிள்ஸ் என்ற ஒருவன் இருக்கிறான். போதைக்கு அடிமையாகி மீண்டவன். அக்கா வீட்டின் கீழ்த்தளத்தில் தங்கியிருக்கிறான். மாடிப்படிக் கதவை அவள் பூட்டியே வைத்திருப்பாள், அத்தனை தடவை இவன் ஏமாற்றியிருக்கிறான். கடைசி எபிசோடில் அந்தக் கதவு திறந்திருக்கிறது. படியேறிப் போய் குடும்பத்தோடு சாப்பிட உட்காருகிறான். ஒரு வசனம் கிடையாது, சில விநாடிகள்தான். அந்தப் படிக்காக நான் அறுபது எபிசோடையும் மறுபடி பார்த்தேன்.

ஆட்டோபிளேயை அணைத்துவிட்டுப் பாருங்கள்.