ரொக் இசை இன்னும் உயிரோடு இருக்கிறதா, இல்லை மாமாக்களின் இசையாகிவிட்டதா?

ரொக் இசை எல்லாத் தலைமுறைக்கும் இன்னும் பொருந்துகிறதா, அல்லது வயதானவர்கள் பழைய நினைவுக்காகக் கேட்கும் ஒன்றாகச் சுருங்கிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் அகப்படாது.

ஹிட் பட்டியலில் தேடினால் அகப்படாது. அங்கே ஆட்டம் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் 2017 ஆம் ஆண்டு ஹிப்ஹொப்பும் ஆர் அன்ட் பியும் சேர்ந்து ரொக்கை முந்தி முதலிடத்துக்கு வந்துவிட்டன என்று, மக்கள் எந்த இசையைக் கேட்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் சொன்னது. அந்த முதலிடம் இனித் திரும்பி வரும் என்று நான் நம்பவில்லை. இங்கே கொழும்பில் அதற்குக் கணக்கெடுப்பே தேவையில்லை. காலி வீதியில் ஓடும் பஸ்ஸில் சிங்களப் பாட்டு, வெள்ளவத்தை முச்சக்கரவண்டியில் அனிருத், பக்கத்து வீட்டுப் பெடியனின் ஹெட்போனில் ராப். கிட்டார் கத்தும் பாட்டு ஒன்று தற்செயலாகக் காதில் விழுவதே அபூர்வம்.

சரி, அப்படியானால் செத்துவிட்டதா? என் அக்காவின் மகனைப் பற்றிச் சொல்கிறேன். 2022 இல் ஒரு நாள் வந்து, ஏதோ தானே கண்டுபிடித்த பொருளைக் காட்டுவது போல, "மாமா, நீங்க மெட்டாலிக்கா கேட்டிருக்கிறீங்களா?" என்றான். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் பாட்டுகளின் பெயரைத் தாளில் எழுதி, ரெக்கோர்டிங் பாரில் வெற்றுக் கசெட்டோடு கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து வாங்கிக் கேட்ட குழு அது. அவனுக்கோ 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற நெட்ஃபிளிக்ஸ் தொடர் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. 1986 இல் வெளிவந்த மெட்டாலிக்காவின் 'மாஸ்டர் ஒஃப் பப்பெட்ஸ்' பாட்டு அந்தத் தொடரில் ஒலித்த பிறகுதான், 36 ஆண்டுகள் கழித்து, முதல் தடவையாக அமெரிக்காவின் பில்போர்ட் ஹொட் 100 என்ற ஹிட் பட்டியலுக்குள் நுழைந்தது. அவன் வயதுப் பிள்ளைகளில் பலருக்கு அது பழைய பாட்டு என்றே தெரியாது. தெரிந்தாலும் அக்கறையில்லை. எங்களுக்குத்தான் எந்தப் பாட்டு எந்த ஆண்டு என்ற பைத்தியம்.

ஆனால் ஒரு தொடரில் வந்த பாட்டைக் கேட்பதை மட்டும் வைத்து உயிரோடு இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பழைய சினிமாப் பாட்டு ரீல்ஸில் ஓடுவதும் அதே கதைதானே. அவன் இரண்டு மாதம் கழித்து கிட்டார் வாங்கித் தரச்சொல்லி அக்காவை நச்சரித்தான் பாருங்கள், அதுதான் எனக்குக் கணக்கு. ரொக் கேட்பவனுக்கு அதை வாசித்துப் பார்க்கவேண்டும் என்ற அரிப்பு வரும். அந்த இசை ஆளிலிருந்து ஆளுக்குப் போவது காது வழியாக மட்டும் இல்லை, கை வழியாகவும்.

கை என்றதும் டோனி அயோமியின் நினைவு வருகிறது. பிளக் சபத் குழுவின் கிட்டார்காரர். பர்மிங்ஹாமில் தகரம் வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 17 வயதில், வேலையை விட்டுப்போகவிருந்த கடைசி நாளில், இரண்டு விரல்களின் நுனி இயந்திரத்தில் போய்விட்டது. பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மெல்லிய கம்பி போட்டு, பிறகு சுருதியையே கீழே இறக்கி வாசித்தார். ரொக்கின் ஒரு கிளையான ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த ஒலியில் ஒரு பங்கு அந்த விபத்தின் விளைவு. 1970 இல் முதல் அல்பம் போட்ட அந்தக் குழு, 2025 ஜூலை 5 ஆம் திகதி அதே பர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்தில் கடைசி நிகழ்ச்சியை நடத்தியது. குழுவின் பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். பதினேழு நாளில் இறந்தும் போனார். அந்த மேடையில் 1997 இல் பிறந்த யங்பிளட் என்ற பாடகர், தான் பிறப்பதற்கு கால் நூற்றாண்டு முன் வந்த சபத் பாட்டு ஒன்றைப் பாடினார். மருமகன் அந்த வீடியோவை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நான் ஒஸியைப் பார்த்துக் கலங்கினேன். அவன் யங்பிளட்டைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தான்.

இனிக் கொஞ்சம் நுணுக்கமாகப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மருமகனுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது பவர் கோர்ட், அதாவது இரண்டே சுரங்களைச் சேர்த்து வாசிப்பது. மேலே இருக்கும் தடித்த கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்கே இருக்கும் கட்டம்) சுட்டுவிரல், அடுத்த கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டில் மோதிரவிரல், மற்றக் கம்பிகள் சத்தம் போடாமல் உள்ளங்கையால் ஒரு அணை. அவ்வளவுதான். இந்த வடிவத்தை அப்படியே மேலும் கீழும் நகர்த்தினால் பாதி ரொக் பாட்டுகள் வந்துவிடும். அவனுடைய தங்கை வாய்ப்பாட்டு வகுப்புக்குப் போகிறவள். பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, "மாமா, இது சும்மா ச ப தானே?" என்றாள்.

சும்மா ச ப தான். ஏன் ச ப மட்டும் என்பதில்தான் சுவாரசியம். அம்ப்ளிபயரை அதன் வரம்புக்கு மேல் முறுக்கினால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகும். ரொக்கின் கரகரப்பு அந்த வெட்டில் பிறப்பது. அப்படி வெட்டுப்படும்போது இரண்டு சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து, நாம் வாசிக்காத புதுச் சுரங்களை உண்டாக்கும். இரண்டின் அதிர்வெண்களையும் கூட்டினால் வருவது ஒன்று, கழித்தால் வருவது ஒன்று. ச வுக்கும் ப வுக்கும் விகிதம் 2:3. கழித்தால் 1, அது கீழ் ஸ்தாயி ச. கூட்டினால் 5, அது மேல் ஸ்தாயியின் அந்தர காந்தாரம். எல்லாம் இனமான சுரங்கள், அதனால் இரண்டு விரலில் ஒரு பெரிய குழுவின் கனம் வருகிறது. நடுவில் ஒரு காந்தாரத்தையும் சேர்த்து அமுக்கினால் கூட்டலும் கழித்தலும் பெருகி ஒலி சேறாகிவிடும்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்டது போல இருக்கும். தம்புராவை நன்றாகச் சுருதி சேர்த்தால் யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று தானாகக் கேட்கும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். அதே ஐந்தாம் மடங்குதான். இன்னொன்று, ரொக் கிட்டார்காரர்கள் தனி வாசிப்பில் விழுந்து விழுந்து வாசிக்கும் ஐந்து சுரங்களை எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் சுத்த தன்யாசி ராகம் வரும். அது எங்கேயோ ஆப்பிரிக்காவில் வேர்விட்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசை வழியாக ரொக்குக்குப் போனது, இது நம் கச்சேரி மேடையில் இருப்பது. ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று நான் கதை கட்டவில்லை (அப்படிக் கட்டுகிற ஆட்கள் யூடியூபில் நிறைய இருக்கிறார்கள்). ஆனால் தமிழ்ப் பிள்ளையின் காதுக்கு ரொக் அந்நியமாகப் படாததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது காரணம் சினிமா. ரொக் எனக்குப் பிடிக்காது, வெறும் இரைச்சல் என்று சொல்லும் தமிழ்ப் பெடியன், கதாநாயகன் நடந்து வரும் காட்சியில் மயிர்க்கூச்செறிந்து உட்கார்ந்திருக்கிறான். அங்கே பின்னால் அறுப்பது என்ன? டிஸ்டோர்ஷன், அதாவது மேலே சொன்ன கரகரப்பு, போட்ட கிட்டார். ஏ.ஆர்.ரஹ்மான் சினிமாவுக்கு வருமுன் சென்னையில் நெமெசிஸ் அவென்யூ என்ற ரொக் குழுவில் கீபோர்ட் வாசித்தவர். தமிழ் சினிமா எந்த இசையையும் விழுங்கி, பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு நமக்குப் பரிமாறும். அதனால் நமக்கு ரொக் குழுக்கள் பெரிதாக இல்லை, ரொக் மட்டும் இருக்கிறது. இது நல்லதா கெட்டதா என்று கேட்டால், எனக்கு எரிச்சல்தான்.

கொழும்புக்கு வருவோம். அறுபதுகளில் காலிமுக ஹொட்டலின் கோகனட் குரோவில் மிக்னொன் பெர்னாண்டோவும் ஜெட்லைனர்ஸ் குழுவும் மேலைநாட்டுப் பாட்டுகளை வாசித்து ஊரையே ஆடவைத்த கதையை எங்கள் அம்மாவின் தலைமுறை சொல்லும். 1969 இல் மொறட்டுவையில் ஜிப்சீஸ் குழு தொடங்கியது. அதே காலத்தை ஒட்டித்தான் தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ.மனோகரனும் கிட்டாரோடு பொப் பாட்டுகளைக் கொண்டுவந்தார்கள். அதை ரொக் என்று சொல்ல முடியாது, பைலா என்ற சிங்கள ஆட்டப் பாட்டின் தம்பி. ஆனால் தமிழ் வீடுகளுக்குள் கிட்டார் நுழைந்தது அந்தக் கதவால்தான். பிறகு தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்பில் ஸ்டிக்மாட்டா, அதற்குக் கொஞ்சம் பிந்திக் கண்டியில் பரனோயிட் ஏர்த்லிங் என்று ஆங்கிலத்தில் பாடும் குழுக்கள் வந்தன. சிங்களத்தில் சித்ரால் சோமபால இருக்கிறார். பழைய சிங்கள இசையில் பெயர்பெற்ற பி.எல்.ஏ. சோமபால, சித்ரா சோமபால தம்பதியின் மகன். ஃபயர்விண்ட் என்ற கிரேக்க மெட்டல் குழுவின் 2005 அல்பத்தில் பாடியவர் அவர். தாய் தகப்பனின் இசையையும் இதையும் ஒரே வீடு தாங்கியிருக்கிறது.

தமிழில் அப்படி ஒரு வரிசை ஏன் எழவில்லை? சினிமா என்று பாதிப் பதில் சொல்லிவிட்டேன். மீதிப் பதில் யுத்தம். என் மனைவி யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். 1990 இல் அங்கே மின்சாரம் நின்றுபோனது, பல வருடம் வரவேயில்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் பாட்டும் இழுபடும் என்பார். அந்த ஊரில் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு எங்கே போவது? 2022 மார்ச் கடைசியில் கொழும்பில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, அம்ப் போட முடியவில்லை என்று நான் முறைப்பட, அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

அதே 2022 இல் காலிமுகத்திடலில் போராட்டம் நடந்தபோது ஒன்றைக் கவனித்தேன். இளைஞர்களின் கோபம் அத்தனை திரண்டிருந்த இடத்தில் என் காதில் ஓங்கி விழுந்தது கிரிக்கெட் ஆட்டங்களில் கேட்கும் பபரே வாத்தியம், அப்புறம் கோஷம், இடையிடையே ராப். கிட்டார் இருந்தது, ஆனால் முன்னால் இல்லை. கோபத்தைச் சொல்வதற்கு ரொக்தான் வேண்டும் என்ற காலம் போய்விட்டது. ராப்புக்கு ஒரு போன் போதும். ரொக்குக்கு நாலு பேர், ட்ரம்ஸ், அம்ப், சத்தம் போட ஒரு இடம் வேண்டும். 2022 இல் டொலர் 200 சொச்சத்திலிருந்து 360 ரூபா வரை ஏறிய பிறகு ஒரு செட் கிட்டார் கம்பி வாங்கவே இரண்டு தடவை யோசிக்கிறார்கள். அடுக்குமாடி வீட்டில் ட்ரம்ஸ் அடித்தால் பொலிஸ் வரும்.

உண்மையில் ரொக்கைக் கொல்லக்கூடியது இளையவர்கள் இல்லை, எங்களைப் போன்ற கிழடுகள்தான். ஹொட்டல் பாரில் வாசிக்கும் எந்தக் குழுவிடமும் போய் 1976 ஆம் ஆண்டு அல்பத்தில் வந்த அந்த ஈகிள்ஸ் குழுவின் 'ஹொட்டல் கலிபோர்னியா' பாட்டைத்தான் கேட்கிறோம். பாவம் அந்தப் பிள்ளைகள், சொந்தப் பாட்டு ஒன்றை நடுவில் செருகினால் நாம் எல்லாரும் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பாடு போடப் போய்விடுகிறோம். ஐம்பது வருடப் பழைய பாட்டைத் திருப்பித் திருப்பி வாசிக்கவைத்துவிட்டு, புதிதாக ஒன்றும் வருவதில்லை என்று புலம்புவதில் நியாயம் இல்லை.

மருமகன் இப்போது ஒரு குழு வைத்திருக்கிறான். ட்ரம்ஸ் அடிப்பவன் சிங்களப் பெடியன், பேஸ் வாசிப்பவன் தெகிவளை முஸ்லிம் பெடியன். மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடும் ஸ்டூடியோ ஒன்றில் காசு சேர்த்துப் பழகுகிறார்கள். சொந்தப் பாட்டு ஒன்று இருக்கிறது. எந்த மொழியில் பாடுவது என்று பெரிய சண்டை நடந்து, வரிகள் ஆங்கிலம், கோரஸ் தமிழ் என்று முடிவாகியிருக்கிறது. தமிழ் கேட்டது மருமகன் இல்லை, ட்ரம்ஸ்காரன். வல்லினம் நிறைய வருவதால் அடிக்கு ஏற்றபடி விழுகிறதாம். பாட்டு எப்படி என்று கேட்கிறீர்களா? சுமார். நடுவில் ஒரு இடம் மட்டும் அருமை, அந்த இடத்தில் அவன் ச ப வை விட்டு ஒரு அரைச் சுரம் மேலே போய்த் திரும்பி வருகிறான். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பள்ளிக்கூட நிகழ்ச்சியில் மூன்று பாட்டுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. ஒன்று கட்டாயம் சினிமாப் பாட்டாக இருக்கவேண்டும் என்று பொறுப்பாசிரியர் சொல்லிவிட்டாராம். அதையும் டிஸ்டோர்ஷன் போட்டு வாசிக்கப் போகிறார்கள்.