கொழும்பு மழைக்காலத்தில் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை, சப்பாத்து, புத்தகப்பை: எப்படிக் காயவைப்பது?

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு, இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், தரம் 4இலும் 8இலும் இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு சோடி வெள்ளைச் சீருடை. ஒக்டோபர் பிறந்தால் துவைத்தது காய்வதில்லை, காய்ந்தாலும் மக்கல் மணம் போவதில்லை, சப்பாத்து மறுநாள் காலையிலும் ஈரம், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் மழையின் நேரசூசியைப் பாருங்கள். ஒக்டோபரும் நவம்பரும் இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலம். கொழும்பில் ஆண்டிலேயே கூடுதலாக மழை பெய்வதும் அப்போதுதான். சராசரியாக மாதத்துக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல். ஆனால் நாள் முழுக்கப் பெய்வது குறைவு. காலையில் வெயில், மத்தியானம் புழுக்கம், "பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று வானிலை அறிக்கை சொல்வதுபோல அதற்குப் பிறகு கொட்டும். பள்ளிக்கூடம் விடுவது 1.30க்கு. பள்ளி வான் வீடு வந்து சேரும் நேரமும் மழை தொடங்கும் நேரமும் ஒன்றாகிவிடுகிறது. நல்ல வெயில் இருக்கும் காலைவேளையில் வீட்டில் ஆள் இல்லை. ஆகவே வெயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். இரவில், வீட்டுக்குள், காற்றால் காயவைக்கும் முறைக்கு மாறுங்கள்.

உடுப்பு மணப்பதற்குக் காரணம் அழுக்கு மட்டுமல்ல, ஈரமாகக் கிடந்த நேரம். நனைந்த சேட்டைப் பையோடு சுருட்டி வைத்து இரவு 8 மணிக்கு எடுத்தால், அதற்குள் கிருமி பெருகிவிடும். பிறகு எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் ஸ்திரிக்கைச் சூடு பட்டதும் அந்த மணம் திரும்ப எழும்பும். பிள்ளைகள் வந்தவுடன் உடுப்பைக் கழற்றி, துவைக்க நேரம் இல்லாவிட்டாலும் குளியலறைக் கொடியில் விரித்துப் போடப் பழக்குங்கள். தரம் 4 பிள்ளைக்கும் இது முடியும், கொளுக்கி அவருடைய உயரத்தில் இருந்தால். வீட்டில் அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்தால் இந்த ஒரு வேலையை மட்டும் அவர்களிடம் கேளுங்கள், போதும்.

இரவு 7 மணிக்குத் துவைத்தால் காலை 6 மணிக்குள் காயவேண்டும். மெசினில் துவைத்தால் முடிந்த பிறகு சுழற்சியை மட்டும் இன்னொரு தடவை ஓட்டுங்கள். கையால் துவைத்தால் முறுக்கிப் பிழியாமல், ஒரு காய்ந்த துவாயை விரித்து அதன் மேல் சேட்டை வைத்து, இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, முழங்காலால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். துவாய் கனக்கும் கனத்திலேயே எவ்வளவு தண்ணீர் வெளியேறியது என்று தெரியும். முறுக்கினால் கொலர் உருக்குலையும், கவுனின் மடிப்புகள் கோணும்.

சேட்டை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, பொத்தான் பூட்டாமல், ஹேங்கரில் போடுங்கள். கடைசியாகக் காய்வது கொலர், பொக்கெற், இடுப்புப் பட்டி, அக்குள் தையல். துணி இரட்டையாக இருக்கும் இடங்கள். கொலரை நிமிர்த்தி விடுங்கள். ஒரு ஹேங்கருக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி வேண்டும். மேசை ஃபேனை இரண்டு மூன்று அடி தூரத்தில் வைத்து, உடுப்பின் முகப்புக்கு நேரே ஊதவிடாமல், வரிசையின் பக்கவாட்டிலிருந்து எல்லா உடுப்புக்கும் இடையால் காற்றுப் போகும்படி விடுங்கள். யன்னல் திறந்திருக்க வேண்டும். 60 வாட் ஃபேன் எட்டு மணித்தியாலம் ஓடினால் அரை யூனிற் அளவு மின்சாரம்தான்.

ஏசி இருக்கும் அறையில் இது தலைகீழ். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுகிறது. ஆகவே யன்னலையும் கதவையும் மூடி, 'டிரை' நிலையில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள், கூடவே ஃபேனும் ஓடட்டும். யன்னலைத் திறந்து வைத்து ஏசியைப் போடுவது வெளியில் உள்ள ஈரத்தை அறைக்குள் அழைப்பதுதான். பலர் செய்யும் பிழை அது. இன்னொன்று, கடற்கரைப் பக்கப் பல்கனியில் மாலையில் காயப்போடுவது. கடற்காற்றோடு வரும் உப்பு துணியில் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்த துணியும் தொட்டால் பிசுபிசுக்கும். உலோகக் கிளிப் அங்கே இரண்டே வாரத்தில் துருப்பிடித்து வெள்ளைச் சேட்டில் அடையாளம் போடும். பிளாஸ்ரிக் கிளிப் வாங்குங்கள்.

காலையில் கொலரும் பட்டியும் மட்டும் இலேசாக ஈரமாக இருந்தால் ஸ்திரிக்கைப் பெட்டி அதை முடித்துவிடும். முதலில் உள்பக்கம், பிறகு வெளிப்பக்கம். அயர்ன் பண்ணியவுடன் போட்டுவிடாமல் பத்து நிமிடம் தொங்கவிடுங்கள், ஆவி போகட்டும். முழு ஈரத்துணியை ஸ்திரிக்கையால் காயவைக்கப் போகவேண்டாம். மின்சாரமும் வீண், துணியும் மஞ்சளாகும். ஆளுக்கு மூன்றாவது சோடி ஒன்று தைத்துவிடுவது உலர்த்தும் மெசின் வாங்குவதைவிடப் பலமடங்கு மலிவு. என் கருத்தில் இந்தக் காலத்துக்கு முதல் செலவு அதுதான்.

ஏற்கெனவே மணம் ஏறிய உடுப்புக்கு, அரை வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி கலந்து அரை மணித்தியாலம் ஊறவைத்து, பிறகு வழமைபோலத் துவைத்து நன்றாக அலசுங்கள். வினாகிரியும் குளோரின் பிளீச்சும் ஒருபோதும் ஒன்றாகச் சேரக்கூடாது. நச்சு வாயு கிளம்பும். சவர்க்காரத் தூளைக் கூட்டிப் போடுவதும் உதவாது. அலசிப் போகாத தூள் துணியில் தங்கி, அதுவே மணத்துக்கும் மஞ்சளுக்கும் இடம்கொடுக்கும்.

சேறு பட்டால் ஈரமாக இருக்கும்போது தேய்க்காதீர்கள், நூலுக்குள் இறங்கிவிடும். காயவிட்டு, பழைய பற்தூரிகையால் உதறி, துணியின் பின்பக்கமிருந்து குழாய்த் தண்ணீரை விட்டு, அதன் பிறகு சன்லைட் கட்டியால் தேய்த்து இருபது நிமிடம் வையுங்கள். செம்மண்ணின் நிறம் இரும்பால் வருவது. பிளீச் அதை எடுக்காது, சிலவேளை இன்னும் அழுத்திப் பதித்துவிடும். மிஞ்சும் கறைக்குத் தேசிக்காய்ச் சாறும் உப்பும் பூசி ஒரு மணித்தியாலம் விட்டு அலசுங்கள்.

சப்பாத்து. வீட்டு வாசலில் பழைய பத்திரிகை அடுக்கு ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். வந்தவுடன் நாடாவைக் கழற்றி, நாக்கை வெளியே இழுத்து, உள்தட்டு கழற்றக்கூடியதாக இருந்தால் அதை எடுத்துத் தனியாகச் சாய்த்து வைக்கவேண்டும். பத்திரிகைத் தாளை இறுக்கமில்லாமல் கசக்கிச் சப்பாத்துக்குள் முனைவரை அடையுங்கள். முதல் தாளை அரை மணித்தியாலத்தில் மாற்றவேண்டும், அதுதான் மிகக் கூடுதலாக உறிஞ்சும். பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. படுக்கப் போகும்போது தாளை எடுத்துவிட்டு, சப்பாத்தைச் சுவரில் சாய்த்து, வாய்ப்பக்கம் ஃபேனைப் பார்க்க வையுங்கள். தாளோடு விட்டுவிட்டால் ஈரத்தாளே உள்ளே மூடிபோல அடைத்துக்கொண்டு காயவிடாது. காஸ் அடுப்புப் பக்கத்திலும் ஹெயார் டிரையர் சூட்டிலும் காயவைத்தால் தோல் வெடிக்கும், அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும். அடுத்த மழையில் அடி வாயைத் திறக்கும்.

வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தைக் கழுவிய பிறகு வெள்ளை ரொயிலற் ரிஷூவை ஈரத்தோடு ஒட்ட ஒட்ட மேலே முழுக்கச் சுற்றிக் காயவிடுங்கள். காயும்போது சவர்க்கார மிச்சமும் அழுக்கும் துணியின் மேற்பரப்புக்கு வரும். அந்த மஞ்சள் கறை சப்பாத்தில் படியாமல் ரிஷூவில் படியும். உரித்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

காலுறையில் கஞ்சத்தனம் வேண்டாம். புத்தகப்பையின் முன் அறையில், மூடக்கூடிய பொலித்தீன் பைக்குள் ஒரு சோடி காய்ந்த சொக்ஸ் எப்போதும் இருக்கட்டும். காலை 7 மணிக்கு நனைந்த சொக்ஸோடு 1.30 வரை இருக்கும் பிள்ளைக்குத்தான் சேற்றுப்புண் வருகிறது. விரலிடுக்குகளைத் துடைத்துக் காயவைப்பதுதான் முதல் மருந்து. தோல் வெளுத்து உரியத் தொடங்கினால் குளோட்ரிமசோல் கிறீம் பார்மசியில் கிடைக்கும். நாளுக்கு இரண்டு தடவை பூசி, மாறியதுபோலத் தெரிந்த பிறகும் இரண்டு வாரம் தொடரவேண்டும். இடையில் நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது.

புத்தகப்பைக்கு வெளியே போடும் உறையை மட்டும் நம்பமுடியாது. முதுகுப்பக்கம் திறந்திருக்கும், அந்தப் பக்கத்தாலும் சிப்பாலும் தண்ணீர் ஏறும். பைக்கு உள்ளே தடித்த பொலித்தீன் பை ஒன்றைப் போட்டு, கொப்பிகளையும் பாடநூல்களையும் அதற்குள் வைத்து வாயைச் சுருட்டி மடியுங்கள். தண்ணீர்ப் போத்தல் எப்போதும் வெளிப் பொக்கெற்றில். இந்த மாதங்களில் ஜெல் பேனையை வீட்டில் வைத்துவிட்டுச் சாதாரண போல்பொயின்ற் கொடுங்கள். ஜெல் பேனை மை நீர்த் தன்மையானது, நனைந்தால் கலங்கக்கூடும்; போல்பொயின்ற் மை எண்ணெய்த் தன்மையானது. நனைந்தாலும் பாடக்குறிப்பு மிஞ்சும். நனைந்த கொப்பியை அவசரப்பட்டுப் பக்கம் பக்கமாகப் பிரிக்கவேண்டாம், கிழியும். மெதுவாக அழுத்தித் தண்ணீரை எடுத்து, பத்துப் பக்கத்துக்கு ஒரு ரிஷூ வைத்து, விசிறிபோல விரித்து நிமிர்த்தி நிற்கவிடுங்கள். முக்கால்வாசி காய்ந்த பிறகு கனமான எதையாவது மேலே வைத்தால் நெளியாது.

மழைக்கோட்டா குடையா என்றால், சின்னவருக்குக் கோட், பெரியவளுக்கு இரண்டும். கோட்டைப் பைக்கும் சேர்த்து மூடும் அளவில் வாங்குங்கள். இடிச்சத்தம் கேட்டால் குடையோடு வெளியில் நிற்க விடவேண்டாம்; கடைசி இடி கேட்டு 30 நிமிடம் போகும்வரை கட்டடத்துக்குள் அல்லது வானுக்குள் இருப்பதே பாதுகாப்பு. வான் ஓட்டுநரிடமும் இதை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த ஈரத்தோடு வரும் மிகப் பெரிய ஆபத்து அதுதான்: டெங்கு. தலை நனைந்தால் தடிமன் பிடிக்கும் என்று பயப்படுகிறோம். தடிமனைத் தருவது வைரஸ். மூடிய யன்னலோடு ஓடும் வானிலும் வகுப்பறையிலும் பிள்ளைக்குப் பிள்ளை தொற்றுகிறது. அது ஒரு வாரத்தில் போய்விடும். டெங்கு அப்படியல்ல. 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது, மேல் மாகாணத்தில்தான் மிக அதிகம்.

தொடர்மாடியில் நுளம்பு முட்டையிடும் இடங்கள் ஃபிரிட்ஜின் பின்தட்டு, ஏசித் தண்ணீர் விழும் வாளி, பூச்சாடித் தட்டு, பல்கனி வடிகால், ஈரக்குடை வைக்கும் பாத்திரம். முட்டை நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள். ஆகவே வாரத்தில் ஒரு குறித்த நாளில், ஞாயிறு என்றால் ஞாயிறு, எல்லாவற்றையும் ஊற்றி, உள்விளிம்பைத் தூரிகையால் உரஞ்சவேண்டும். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது; தண்ணீரை ஊற்றிவிடுவது மட்டும் போதாது. இந்த நுளம்பு கூடுதலாகக் கடிப்பது விடிந்த பிறகும் பொழுது சாயும் முன்னும், அதாவது வானுக்குக் காத்து நிற்கும் நேரமும் ரியூஷன் நேரமும். விரட்டும் கிறீமைக் கால் கைகளில் காலையிலேயே பூசி அனுப்புங்கள்.

காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும்: உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் போகாமல். 25 கிலோப் பிள்ளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. இபுபுறூஃபன், அஸ்பிரின், மெஃபனமிக் அசிட், டைக்ளோஃபெனக் எதுவும் கொடுக்கக்கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் குறையாவிட்டால் மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனையை விடவே வேண்டாம். வெறும் தண்ணீரை மட்டும் கொடுக்காமல் ஜீவனி (உப்பு-சீனிக் கரைசல்), இளநீர், கஞ்சி கொடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள், வாந்தி எடுத்தால் இரத்தமா என்று தெரியாமல் போகும். காய்ச்சல் விட்ட நாளில் "மாறிவிட்டது" என்று பள்ளிக்கு அனுப்பவேண்டாம். ஆபத்தான கட்டம் தொடங்குவது அப்போதுதான். வயிற்றுவலி, நில்லாத வாந்தி, கைகால் குளிர்தல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, சோர்ந்து உறங்கிக்கொண்டே இருத்தல், எங்காவது இரத்தம் கசிதல், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரி. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

டிசம்பர் நடுவில் மழை குறையத் தொடங்கும். ஜனவரியில் காற்று வறண்டு, விடிகாலையில் மட்டும் இலேசான குளிர் இருக்கும். ஃபேனை இரவு முழுக்கக் கட்டிலுக்கு நேரே விடாமல் திருப்பி வையுங்கள், மூக்கும் தொண்டையும் காய்ந்து இருமுவார்கள். இழுப்புள்ள பிள்ளை என்றால் மூடிய அறைக்குள் நுளம்புத்திரியும் சாம்பிராணியும் வேண்டாம், வலை கட்டுங்கள். அலுமாரியின் பின்சுவரில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும், தலையணை, மெத்தை எல்லாவற்றையும் வெயிலில் போடுவதற்கும் அந்த மாதம்தான் வாய்ப்பு. அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிவைத்தால் அடுத்த ஒக்டோபரில் அதன் பின்னால் காற்றோடும்.