பழைய டிராக்டரும் இருபது ரூபாய்ப் பத்திரமும்

கேள்வி: மன்னார்குடி வட்டத்தில் சொந்தமாக ஆறு மா (மூன்று மா ஓர் ஏக்கர்), குத்தகைக்கு நான்கு மா நஞ்சை பயிர் செய்கிறேன். மேட்டூர் தண்ணீர் வந்ததும் ஊரே ஒரே வாரத்தில் உழவுக்கு டிராக்டர் தேடும். பத்து மாவுக்காக யாரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வரமாட்டார்கள். புதிது வாங்க வசதியில்லை. அதனால் தை மாதம், மனைவி வழியில் மாமா முறை ஆகிற ஒருவரிடம் பழைய டிராக்டர், ரொட்டவேட்டர், ஒரு ஜோடி கேஜ் வீல் (சேற்றில் ஓட்டும் இரும்புச் சக்கரம்) மூன்றையும் 2,85,000 ரூபாய்க்குப் பேசினேன். நகையை அடகு வைத்து 2,10,000 கொடுத்தேன். "ஃபைனான்ஸ் பாக்கியை மூன்று மாதத்தில் கட்டி என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கித் தந்து, மீதி 75,000 பெற்றுக்கொள்கிறேன்" என்று 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி, நோட்டரி கையெழுத்தும் வாங்கினோம். அவர் கட்டவில்லை. ஆனி மாதம் நாற்றங்கால் உழுதுவிட்டுக் களத்தில் நிறுத்தியிருந்த வண்டியை ஃபைனான்ஸ் ஆட்கள் ஐந்து பேர் வந்து, ரொட்டவேட்டரோடு ஓட்டிப் போய்விட்டார்கள். ஊரார் பார்க்க என் அம்மாவைத் தகாத வார்த்தை பேசினார்கள். 1,30,000 கட்டினால் வண்டியை விடுவோம் என்கிறார்கள். எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு முன்னால் நின்ற மனிதர் இன்று போனைக்கூட எடுப்பதில்லை. ரொட்டவேட்டர், டிராக்டர் கடனுக்குப் பிறகு அவர் ரொக்கத்துக்கு வாங்கியது. அதன் கடை பில் என்னிடம் இருக்கிறது. மாமா மேல் மோசடி வழக்கும், ஃபைனான்ஸ் மேல் நஷ்டஈட்டு வழக்கும் போட முடியுமா?

பதில்: உங்கள் கடிதம் எட்டுப் பக்கம். அதில் ஆறு பக்கம் மாமாவைப் பற்றியது. அவர் செய்தது துரோகம்தான். ஆனால் நீதிமன்றம் படிக்கப்போவது நீங்கள் இணைத்திருக்கும் பத்திரத்தின் நான்காவது வரியை: "ஃபைனான்ஸ் பாக்கியைக் கட்டி என்.ஓ.சி. வாங்கித் தருகிறேன்."

அந்த வரியில் நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். வண்டி மேல் கடன் இருப்பது பணம் கொடுத்த அன்றே உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். கடனை மறைத்து விற்றிருந்தால் மோசடிப் புகாருக்கு உயிர் இருக்கும். பொருட்கள் விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 14 கூட, வாங்குபவருக்குத் தெரியாத பாக்கிக்குத்தான் துணை நிற்கும். காவல் நிலையத்துக்குப் போனால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், பிறகு "இது சிவில் விவகாரம்" என்று அனுப்பிவிடுவார்கள். அதற்குள் குறுவை போய்விடும். மோசடிப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்களிடம் இருப்பது நிறைவேறாத ஒரு வாக்குறுதி. அந்த மூன்று மாதக் கெடு முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பணத்துக்கு சிவில் வழக்குப் போடலாம். உங்கள் உரிமை அவ்வளவே.

ஃபைனான்ஸ் மீது வழக்கு என்பது அதைவிட மெலிந்த யோசனை. அந்தக் கடன் ஒப்பந்தத்தில் நீங்கள் ஒரு தரப்பே இல்லை. அடியாட்களை வைத்து வண்டி பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் கடுமையாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் தவணை தவறினால் வண்டியை எடுத்துக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தால் அது செல்லும் என்றும் அதே நீதிமன்றம் வேறு வழக்குகளில் சொல்லியிருக்கிறது. உங்கள் அம்மாவைப் பேசியதற்குத் தனியாகப் புகார் கொடுக்கலாம். அம்மா விரும்பினால் கொடுங்கள். அதனால் டிராக்டர் திரும்பாது.

நோட்டரி கையெழுத்து இருக்கிறதே என்று எழுதியிருக்கிறீர்கள். நோட்டரி போட்டதால் ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) பெயர் மாறாது. ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பதிவு இருக்கும்வரை, அவர்கள் எழுத்தில் சம்மதிக்காமல் பெயர் மாற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 51 அப்படித்தான் சொல்கிறது.

ஆகவே நான் சொல்வது சமரசம். வழக்குப் போட்டால் 2,10,000 ரூபாய்க்குத் தீர்ப்பு வாங்க ஆண்டுக்கணக்கில் நடப்பீர்கள். தீர்ப்பு வந்த பிறகு அதை நிறைவேற்ற இன்னொரு சுற்று நடப்பீர்கள். அதற்குள் உங்கள் நகையின் வட்டி நகையையே தின்றுவிடும். கணக்கைப் பாருங்கள். நீங்கள் மாமாவுக்குத் தர வேண்டிய மீதி 75,000. ஃபைனான்ஸ் கேட்பது 1,30,000. இடைவெளி 55,000. அதை மாமா போட வேண்டும். அவர் முழுதும் போடாமல் முப்பதாயிரம்தான் புரட்டுகிறார், வண்டியும் நல்ல நிலையில் இருக்கிறது என்றால், மீதி இருபத்தைந்தாயிரத்தை நீங்களே போட்டு முடித்துக்கொள்ளுங்கள். மனது கேட்காது என்று தெரியும். இருந்தாலும் முடித்துக்கொள்ளுங்கள்.

மாமாவைப் பேச்சுக்கு இழுக்க உறவுக்காரர்களை அனுப்ப வேண்டாம். அவருக்கே ஆபத்தான ஒரு விஷயத்தை எழுத்தில் தெரிவியுங்கள். வண்டி எத்தனை கை மாறினாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018இல் தீர்ப்புச் சொன்னது. நீங்கள் ஐந்து மாதம் ஓட்டிய வண்டிக்கு, ஏதாவது நடந்திருந்தால், அவர்தான் நீதிமன்றப் படி ஏறியிருப்பார். நாளைக்கு ஃபைனான்ஸ் ஏலத்தில் விட்டு, எடுத்தவர் பெயர் மாற்றாமல் ஓட்டினாலும் அதே சிக்கல் வரலாம். ஏலத் தொகை கடனுக்குப் போதாவிட்டால் மீதிக்கும் அவரைத்தான் துரத்துவார்கள். இதையெல்லாம் ஒரு வக்கீல் நோட்டீஸில் படித்தால் போனை எடுப்பார்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். இதே நிலையில் வந்தவர்கள் சமரசம் பேசி முடித்த பிறகு, பணம் கட்டும் இடத்தில்தான் விழுந்தார்கள்.

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வண்டியை எடுத்த ஏஜெண்டிடமே ரொக்கமாகப் பணம் கொடுத்திருந்தார். கையில் துண்டுச்சீட்டு ஒன்று. ஏஜெண்ட் வேலையை விட்டுப் போய்விட்டார். நிறுவனமோ பணம் வரவில்லை என்றது. அவர் இரண்டாம் முறையும் கட்டித்தான் வண்டியை எடுத்தார். பிடித்த வண்டிகளை நிறுத்தும் யார்டில் நிற்பவர், வசூலுக்கு வருபவர், தரகர் யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இன்னொருவர் கவனமானவர். கடன் எண்ணுக்கே வங்கி மூலம் முழுத் தொகையையும் கட்டினார், ரசீதும் சரி. ஆனால் என்.ஓ.சி. வரவில்லை. விற்றவர் தன் அண்ணன் வாங்கிய லாரிக் கடனுக்கு அதே நிறுவனத்தில் ஜாமீன் போட்டிருந்தார், அந்தக் கடன் நிலுவையில் இருந்தது. ஒரு கடன் நின்றால் மற்றக் கடனின் வண்டியையும் பிடித்து வைக்கலாம் என்று இவர்களுடைய பல ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை இருக்கும். பொடி எழுத்தில், பின் பக்கங்களில் இருக்கும். நம் ஆள் கட்டிய பணம் யாரோ ஒருவருடைய லாரிக்காக முடங்கியது. கட்டியவர் கடன்காரர் அல்ல, அதனால் கேள்வி கேட்கவும் அவருக்கு வழியில்லை. உங்கள் மாமாவுக்கு அந்த நிறுவனத்தில் வேறு கடனோ ஜாமீனோ உண்டா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அவர் வாயால் இல்லை என்று சொல்வது போதாது.

ஆகவே நிறுவனத்தின் கிளையிலிருந்து லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்குங்கள். இன்ன கடன் எண், இன்ன சேஸ் எண், இன்ன தேதிக்குள் இவ்வளவு தொகை வந்தால் கடன் முடிந்தது, வேறு கடனுக்காக இந்த வண்டியை நிறுத்தி வைக்கமாட்டோம், என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து ஃபைனான்ஸ் பதிவை நீக்கும் படிவம் 35உம் தருவோம், வண்டியை இன்னாரிடம் விடுவோம் என்று அதில் இருக்க வேண்டும். கொடுக்கத் தயங்கினால் பணம் கட்டாதீர்கள். தயங்குகிறார்கள் என்றாலே பின்னால் ஏதோ இருக்கிறது. கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டியவர் மாமா. அவர்தான் கடன்காரர். அவரோடு நீங்களும் கிளைக்குப் போங்கள்.

அடுத்த குழி மாமாவின் கையெழுத்து. படிவம் 35இல் நிறுவனம் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, ஆர்.சி. உரிமையாளரும் போட வேண்டும். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களிலும் அவர் கையெழுத்து வேண்டும். கடன் முடிந்த மறுநாள் அந்த வண்டிக்கு உங்கள் ஊர்ச் சந்தையில் விலை ஏறிவிடும். "இன்னும் ஐம்பதாயிரம் கொடு, போடுகிறேன்" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வழக்கில் அந்த இடைவெளியில் உரிமையாளர் இறந்துபோய், வாரிசுகள் நான்கு பேரிடம் கையெழுத்துக்கு அலைந்தார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே எல்லாப் படிவத்திலும் கையெழுத்து வாங்கி, இருவருக்கும் பொதுவான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

ஏல நோட்டீஸ் உங்களுக்கு வராது. அது மாமாவின் முகவரிக்குப் போகும், அவர் பிரிக்காமல் பரண் மேல் போட்டுவிடலாம். அதனால் இந்த வாரமே நிறுவனத்துக்கு, நீங்கள்தான் வண்டியை வைத்திருந்தவர், கடனை முடிக்கத் தயாராக இருக்கிறீர்கள் என்று ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். ஏலத்தைத் தடுக்கும் சட்ட பலம் அதற்கு இல்லை. ஆனாலும் முழுப் பணம் தர ஒருவர் நிற்கும்போது எந்த நிறுவனமும் ஏலத்துக்கு அவசரப்படாது. பணம் கட்டுமுன் யார்டுக்கு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போய்ப் பார்க்கவும் வேண்டும். வெயில் மழையில் நின்ற வண்டியில் பேட்டரி காணாமல் போயிருக்கும், டயர் மாறியிருக்கும்.

தம்பிமார்களை அழைத்துப் போய் யார்டிலிருந்து வண்டியை ஓட்டி வந்துவிடலாமா என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. இன்றைக்கு நீங்கள் பணம் இழந்தவர். அதைச் செய்தால் திருட்டு வழக்கில் குற்றவாளி. வண்டி கையில் வந்து, இன்சூரன்ஸ் உங்கள் பெயருக்கு மாறிய பிறகும் மட்கார்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். நடவுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போவது நம் பக்கத்தில் சகஜம், எனக்குத் தெரியும். அப்படி ஒரு பயணத்தில் விழுந்து இறந்த ஒருவருக்காக, இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரித்த பிறகு, இரண்டு ஏக்கரை விற்றுக் கட்டிய குடும்பம் எனக்குப் பழக்கம்.

மாமா எதற்கும் வரவில்லை என்றால் டிராக்டரை மறந்துவிட்டு 2,10,000க்குச் சிவில் வழக்கு. வழக்குக்கு முன்னால் உங்கள் வட்ட சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்துக்குக் கூப்பிடுங்கள். செலவில்லை. அங்கே முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. தவணையாகத் தருகிறேன் என்றாலும் ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் தேதி போட்டு எழுத்தில் இருக்கட்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் வாய்ப்பேச்சாக வேண்டாம்.

அடுத்த முறை கருவி வாங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பத்து மாவுக்குக் கடன் தீராத டிராக்டர் தேவையில்லை. கேஜ் வீல், கொத்துக் கலப்பை, ரொட்டவேட்டர் இவற்றுக்கு ஆர்.சி. கிடையாது, பழையதாக வாங்கக் கடை பில்லும் கருவியில் அடித்திருக்கும் வரிசை எண்ணும் ஒத்துப்போனால் போதும். மானியத்தில் வாங்கிய கருவி என்றால், இத்தனை காலம் விற்கமாட்டேன் என்று வேளாண்மைப் பொறியியல் துறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இழுக்கும் வண்டியை வாடகைக்கு எடுங்கள். துறையின் வாடகைக்கு முன்கூட்டியே, தண்ணீர் திறக்கும் முன், பதிந்து வையுங்கள்.

உங்கள் வழக்கில் எனக்கு நம்பிக்கை தரும் ஒரே பொருள் அந்த ரொட்டவேட்டர்தான், நீங்களோ அதைக் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். ஃபைனான்ஸ் கடன் டிராக்டருக்கு. ரொட்டவேட்டர் தனிப் பொருள், தனி வரிசை எண், பின்னைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். கடனுக்குப் பிறகு ரொக்கத்துக்கு வாங்கியது என்று கடை பில்லே சொல்கிறது. பத்திரத்தில் உங்களுக்கு விற்றதாகவும் இருக்கிறது. வண்டியோடு மாட்டியிருக்கும் எல்லாம் எங்களுடையது என்று அவர்கள் சொல்வார்கள். கடன் ஒப்பந்தத்தின் சொத்துப் பட்டியலில் இந்த வரிசை எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். பில் நகலும் பத்திர நகலும் இணைத்து, ஏழு நாளில் திருப்பித் தராவிட்டால் பொருளை மீட்கவும் நாள் வாடகைக்கும் வழக்கு என்று இன்றே எழுதுங்கள். இந்த விஷயத்தில் சமரசம் வேண்டாம். அது வந்துவிட்டால், டிராக்டர் பேச்சு முடியும்வரை வாடகை வண்டியில் மாட்டித் தாளடிக்காவது உழுதுகொள்ளலாம்.