ஆறு மடங்கு கணக்கும் மலைப்பாதை வீடியோவும்

கேள்வி: உண்மையைவிடப் பொய் ஆறு மடங்கு வேகமாகப் பரவும் என்கிறார்கள். ஆய்வாளர்களே இதை ஏற்கவில்லையாமே? மழை பிடித்தால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பழைய மண்சரிவு வீடியோக்கள்தான்.
– வாசகி, கோத்தகிரி

பதில்: 2018-இல் சயின்ஸ் இதழில் வந்த கணக்கு அது. ட்விட்டரில் 1,500 பேரை எட்ட, பொய்க்கு ஆனதைப்போல் சுமார் ஆறு மடங்கு நேரம் உண்மைக்கு ஆனது. ஆனால் ஆராயப்பட்டவை, உண்மை சரிபார்ப்பவர்கள் கையிலெடுத்த வதந்திகள் மட்டுமே. தேயிலை விலை, பஸ் நேரம் போன்ற அன்றாடச் செய்தி அதில் கிடையாது. எல்லாப் பொய்க்கும் அதைப் பொருத்துவது தவறு. 2021-இல் ஜூல், உகாண்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரே அளவு பரவியவற்றை மட்டும் ஒப்பிட்டதும், பரவும் வடிவத்தில் (எத்தனை கை மாறியது, எப்படிக் கிளைத்தது என்பதில்) தெரிந்த வேறுபாடு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது.

இதைவிடப் பெரிய சர்ச்சை, எதைப் பொய் என்று எண்ணுவது என்பதில். 2024-இல் சயின்ஸில் வந்த இன்னொரு ஆய்வு, அமெரிக்க ஃபேஸ்புக் பதிவுகளால் வந்த கொரோனா தடுப்பூசித் தயக்கத்தை அளந்தது. உண்மை சரிபார்ப்பவர்களின் பொய் முத்திரை விழுந்த பதிவுகளைவிட, முத்திரை விழாமல் சந்தேகத்தைக் கிளப்பிய பதிவுகளின் பாதிப்பு 46 மடங்கு என மதிப்பிட்டது. தடுப்பூசி போட்ட டாக்டர் இறந்தார் என்ற தலைப்பு அப்படிப்பட்டது: நடந்தது உண்மை, தடுப்பூசிதான் காரணம் என்பது நிறுவப்படாதது. உங்கள் வீடியோவும் இந்த வகைதான். மண் சரிந்தது நிஜம், தேதிதான் வேறு. பொய்யை மட்டும் எண்ணும் ஆய்வில் இது சிக்காது.

ஃபைல் பெயரில் வரும் தேதியை நம்பாதீர்கள். VID-க்குப் பின்னுள்ள எண், வாட்ஸ்அப் அதை உங்கள் போனில் சேமித்த நாள். எடுத்த நாள் அல்ல. வீடியோவை நிறுத்தி, கொண்டை ஊசி வளைவின் எண் பலகை அல்லது மைல்கல் தெரியும் காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடுங்கள். வெறும் மண்ணும் மரமும் உள்ள காட்சி எந்த மலைக்கும் பொருந்திவிடும். பாதை திறந்திருக்கிறதா என்பதை மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-இல் கேளுங்கள்.

கேள்வி: பொய்ச் செய்தியை அடையாளம் காண மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தால் போதுமா?
– ஆசிரியர், கூடலூர்

பதில்: போதாது. 2019 தேர்தலின்போது ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் பீகாரில் வீடு வீடாக ஒரு மணி நேரப் பயிற்சி தந்து பார்த்தார். மொத்தத்தில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. விளையாட்டுவழிப் பயிற்சிகளை 2023-இல் மறு ஆய்வு செய்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள்: பகுத்தறியும் திறன் கூடவில்லை, எல்லாவற்றையும் சந்தேகிப்பதுதான் கூடியிருந்தது. எனவே தேர்வில் 10 உண்மை, 10 பொய் கலந்து வையுங்கள். மொத்த மதிப்பெண் பார்க்காமல், உண்மையைப் பொய் என்று குறித்தவற்றைத் தனியே எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை பயிற்சிக்குப் பின் ஏறினால் பாடத்தை மாற்றுங்கள். இல்லாவிட்டால் உண்மையான மழைக்கால எச்சரிக்கையையும் பொய் என்று அந்தப் பிள்ளைகள் தள்ளிவிடுவார்கள்.