ஓய்வுபெற்ற தம்பதியர் வெளிநாட்டு ஊழியத்தில் நாள் முழுவதும் என்ன செய்கிறார்கள்?

பணி ஓய்வுக்குப் பின் கணவனும் மனைவியுமாக மிஷனரி ஊழியத்துக்குச் செல்வோரின் அன்றாடம் எப்படியிருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். மார்த்தாண்டத்திலிருந்து ஜாம்பியாவுக்குச் சென்று, என் மனைவியோடு ஒன்றரை ஆண்டு தங்கியிருந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பிரசங்கம் அதில் மிகச் சிறிய பகுதியே. விடியற்காலை ஜெபமும் வேதவாசிப்பும் முடிந்ததும் நான் சபைப் பள்ளிக்குக் கணக்குப் பாடம் எடுக்கப் போவேன். செவிலியராக ஓய்வுபெற்ற என் மனைவி, கைக்குழந்தைகளோடு வரிசையில் காத்திருக்கும் தாய்மார்களின் எடையைக் குறித்துக்கொண்டிருப்பார். பிற்பகலில் வீடு சந்திப்பு. போகும் வீடுகளில் ந்ஷிமா என்னும் வெள்ளை மக்காச்சோளக் களியை உருட்டி, கபென்டா என்ற பொடிமீன் கருவாட்டுக் குழம்பில் தொட்டுத் தருவார்கள். முதல் முறை அதன் வாசனை எழுந்தபோது, குளச்சல் நெத்திலிக் கருவாட்டை நினைத்து என் மனைவி கண் கலங்கிவிட்டார்.

உண்மையில் கடினமானது மாலைப் பொழுதுதான். அங்கே 5.30 மணியென்றால் இங்கே இரவு 9 மணி. பேரப்பிள்ளை தூங்குவதற்குள் பேசிவிட வேண்டும், மின்வெட்டு வந்தால் அதுவும் இல்லை.

1819ஆம் ஆண்டு நாகர்கோவிலுக்கு வந்து தங்கிய ஆங்கிலேய மிஷனரிகளான மால்ட் தம்பதியரில், மார்த்தா அம்மையார் நம் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர்களும் பெரும்பாலும் இப்படித்தான், வகுப்பறையிலும் திண்ணையிலுமாக நாளைக் கழித்திருப்பார்கள் என்று எனக்கு அங்கே போன பிறகே தோன்றியது.

புறப்படுவதானால், இரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.